இடுப்பு மூட்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க: ஓடறவங்க என்னென்ன தயார் பண்ணிக்கணும்?

நவம்பர் 3

குடியாத்தம் அண்ணன் கேட்டது: "வயசு 48. ரொம்ப வருசமா ஓடறேன். வலது இடுப்பு மூட்டு சுத்தமா தேஞ்சிடுச்சு, மாத்தியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷன் வரைக்கும் ஓடிக்கினே இருக்கலாமா? எப்படியும் அந்த எலும்பை வெட்டித் தூக்கிப் போடப் போறாங்க, அதை எதுக்குக் காப்பாத்தணும்?"

அண்ணே, வெட்டித் தூக்கிப் போடறது எலும்பைத்தான், சுத்தி இருக்கற சதையை இல்ல. தொடை எலும்போட தலையை எடுத்துட்டு தண்டும் பந்தும் வெப்பாங்க, இடுப்புப் பக்கம் சுரண்டிட்டு புதுக் கிண்ணம் வெப்பாங்க. ஆனா உங்களை அதுமேல நேரா நிக்க வெக்கப் போறது இப்ப உங்ககிட்ட இருக்கற அதே பின்பக்கத் தசைதான், அது புதுசா வராது. நொண்டிக்கினே ஓடினா அந்தத் தசை வேலை செய்யாமலே பழகிடும், அதோட வேலையை முதுகும் எதிர்ப்பக்க முட்டியும் எடுத்துக்கும், அப்பால மூட்டு புதுசா இருக்கும் நடை பழசாவே இருக்கும். அதனால ஓட்டத்தை நிறுத்துங்க, உழைப்பை நிறுத்தாதீங்க.

எனக்கும் வலது பக்கம்தான். வயசு 51, காட்பாடியில இருக்கேன். பொங்கல் கழிச்சு தேதி கேட்டிருக்கேன். அதுவரைக்கும் தெரியவர்றதை எல்லாம் இங்கயே எழுதறேன்.

நவம்பர் 4

"வலி இடுப்புலயா முட்டியிலயான்னே தெரியல"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. இது முக்கியம். இடுப்பு வலின்னா எல்லாரும் பக்கவாட்டு எலும்பைத் தொட்டுக் காட்டுவாங்க. மூட்டுக்குள்ள கோளாறுன்னா பெரும்பாலும் வலி முன்பக்கம், தொடை இடுக்குல, கவட்டைன்னு சொல்வோமே அங்க. அங்கேருந்து தொடை வழியா முட்டி வரைக்கும் இறங்கும். எனக்கு ரொம்ப நாள் முட்டிக்குத்தான் வைத்தியம் நடந்துச்சு, முட்டி எக்ஸ்ரே எல்லாம் நல்லா இருந்துச்சு, ஒருத்தரும் காலை மடக்கி உள்பக்கம் திருப்பிப் பார்க்கல. வேற ஒரு டாக்டர் அதைப் பண்ண உடனே நான் மேஜை விளிம்பைப் பிடிச்சுட்டேன், அவர் இடுப்பு எக்ஸ்ரேவுக்கு எழுதிட்டார். கால் நகம் வெட்ட முடியல, சாக்ஸ் மாட்ட முடியல, காருக்குள்ள காலைத் தூக்கி வெக்கக் கையால தூக்க வேண்டியிருக்கு, இதெல்லாம் இருந்தா முட்டியோட நிறுத்தாம இடுப்பையும் பாக்கச் சொல்லுங்க.

நவம்பர் 5

சொந்தக்காரங்க எல்லாம் "ஓடி ஓடித் தேச்சுட்டா"ங்கறாங்க. இதை ஒத்துக்காதீங்க. எனக்குப் பொறவியிலேயே கிண்ணம் ஆழம் கம்மி, எக்ஸ்ரேல கோடு போட்டுக் காட்டினாங்க. பொதுவாவும், 2017ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல இடுப்பு, முட்டித் தேய்மானம் பொழுதுபோக்கா ஓடறவங்ககிட்ட 3.5 சதவீதம், ஓடாம உக்காந்திருக்கறவங்ககிட்ட 10.2 சதவீதம், போட்டிக்குன்னே கடுமையா ஓடறவங்ககிட்ட 13.3. வேலூர் கோட்டையைச் சுத்தி காலையில ஓடறவங்க எல்லாம் அந்த முதல் கூட்டம்தான். பயந்து நிறுத்தாதீங்க.

நவம்பர் 9

ஆம்பூர் தம்பி எழுதியிருக்கார்: "மூட்டுல ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கினா ஆபரேஷன் வரைக்கும் வலியில்லாம ஓடலாமே, எங்க மாமா போட்டார்."

தம்பி, வேணாம்பா. முதல் காரணம், மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டு மூணு மாசத்துக்குள்ள மூட்டு மாத்தினா கிருமித் தொற்று வர்ற ஆபத்து கூடுது, அதனால ஊசி போட்டிருந்தா தேதியைத் தள்ளி வெப்பாங்க. மாமா போட்டிருந்தா எந்தத் தேதின்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லச் சொல்லு.

ரெண்டாவது காரணம் நம்ம ஊர்லயே இருக்கு. 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிங்களோட மடங்கிப் போன கையை ஆபரேஷன் பண்ணி விரிய வெச்சவர். விரல் குறையறது நோய் நேரா தின்னறதால இல்ல, உணர்ச்சி செத்துப்போய் சுடறதும் வெட்டறதும் தெரியாம திரும்பத் திரும்பக் காயமாகறதாலன்னு இங்க உக்காந்து கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னார். தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கற கரிகிரி பக்கம் வளர்ந்தவங்க இதைக் கண்ணால பார்த்திருப்பாங்க. வலி தெரியாத காலை வெச்சுக்கினு தேஞ்ச மூட்டுல ஓடறது எவ்ளோ ஆபத்துன்னு அதுலேருந்தே யோசிச்சுக்கோ.

நவம்பர் 17

பிசியோ கொடுத்த பயிற்சி. ஓடறவங்க படிக்கும்போது "இவ்ளோதானா"ன்னு தோணும், பண்ணிப் பாருங்க, தொடை நடுங்கும்.

மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்தறது. சுவத்தைப் பிடிச்சு நின்னுகினு காலைப் பக்கவாட்டுல தூக்கறது, உடம்பு சாயாம, இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா நொண்டி நொண்டி அந்தப் பக்கத் தசை சூம்பிப் போச்சு. கையை ஊணாம நாற்காலியிலேருந்து எழுந்து உக்கார்றது. இதுல நாம மறந்துடறது கையை. ஓடறவங்களுக்குக் கால் இரும்பா இருக்கும், கையில ஒண்ணும் இருக்காது. ஆபரேஷன் முடிஞ்சு முதல் சில வாரம் உடம்பு எடையில ஒரு பங்கு வாக்கர் வழியா கையிலதான் இறங்கும். கைப்பிடி வெச்ச நாற்காலியில உக்காந்து ரெண்டு கையையும் ஊணி உடம்பைத் தூக்கி மெதுவா இறக்கணும். நான் பிட்டத்தைத் தூக்கறதுக்குள்ள முழங்கை ஆட ஆரம்பிச்சுடுச்சு, என் பையன் அதே நேரத்துல பத்து தடவை பண்ணிட்டு "அம்மா நீ ஹாஃப் மாரத்தான் ஓடினவளா"ன்னு சிரிக்கறான்.

மூச்சுக்கு: சைக்கிள், சீட்டை உசத்தி வெச்சு, இடுப்பு ரொம்ப மடங்காம. அப்பறம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கண்ணன் நிலத்துக் கிணறு. படி இருக்கற கிணறு, மழை பேஞ்சு இப்ப மேல வரைக்கும் தண்ணி. லாரி டியூபைப் பிடிச்சுக்கினு நேரா காலை அடிக்கறேன். தவளை மாதிரி காலை விரிச்சு உதைக்கற நீச்சல் மட்டும் வேணாம், கவட்டையில சுருக்குனு குத்தும். தண்ணிக்குள்ள எடை தெரியாது, வலியில்லாம மூச்சு வாங்கற சந்தோஷம் ரொம்ப நாள் கழிச்சுக் கெடைச்சது, அழுகையே வந்துடுச்சு.

நவம்பர் 18

கிணறுன்னு எழுதின உடனே ஆரணி அக்கா எச்சரிக்கை போட்டிருக்காங்க, பாசிப் படியில வழுக்கி விழுந்தா எல்லாம் போச்சுன்னு. ரொம்ப சரி. தனியா எறங்காதீங்க, கயிறு கட்டி இருக்கணும், மேல ஒரு ஆள் நிக்கணும். தேதி நெருங்கினதும் தோல் கீறல் வரக்கூடாதுன்னு நானும் நிறுத்திடுவேன்.

டிசம்பர் 8

டெஸ்ட் எல்லாம் ஆரம்பிச்சாச்சு. ரத்தம், சக்கரை, சிறுநீர், ஈசிஜி, எக்கோ. ஓடறவங்க தனியா கவனிக்க வேண்டிய மூணு விஷயம் இருக்கு, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க.

ஒண்ணு, நாடித்துடிப்பு. வருசக்கணக்கா ஓடினவங்களுக்குச் சும்மா இருக்கும்போது ஐம்பதுக்குக் கீழகூட ஓடலாம். மயக்க டாக்டர் பார்த்துட்டு என்னடா இதுன்னு நிப்பார். முதல்லயே "நான் ஓடறவ, எப்பவும் இப்படித்தான்"னு சொல்லிடுங்க, பழைய ஈசிஜி இருந்தா எடுத்துக்கினு போங்க.

ரெண்டு, ரத்தம். பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ, ஆம்பளைங்களுக்கு 13க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. நீண்ட தூரம் ஓடற பொம்பளைங்களுக்கு இரும்புச்சத்து குறையறது சகஜம், எனக்கும் கம்மி. முருங்கைக்கீரை சாப்பிடறேன்னு சொல்லிக்கினு இருந்தா தேதிக்குள்ள ஏறாது, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. இதை ரெண்டு மாசம் முன்னாடியே பார்த்துக்கணும், கடைசி வாரத்துல கண்டுபிடிச்சா தேதி தள்ளிப்போகும் இல்லன்னா ரத்தம் ஏத்தணும்.

மூணு, பாதம். இது தான் எனக்கு ஆச்சரியம். ஆபரேஷன் இடுப்புல, டாக்டர் ஷூவைக் கழட்டச் சொல்லி விரல் இடுக்கைப் பார்க்கறார். கருத்துப்போன நகம், கொப்புளம், பித்தவெடிப்பு, சேத்துப்புண்ணு, இதுல எதுலயாவது கிருமி இருந்தா ரத்தம் வழியா புது மூட்டுக்குப் போய் ஒட்டிக்கும், உலோகத்துல ஒட்டின கிருமிக்கு மருந்து லேசுல எட்டாது. என் வலது கட்டைவிரல் நகம் போன வருச ஓட்டத்துலேருந்தே பாதி தூக்கிக்கினு நிக்குது. இப்ப தினம் ராத்திரி வெந்நீர்ல கழுவி, விரல் இடுக்கெல்லாம் துணியால ஒத்தித் துடைச்சு, மருந்து போட்டுத்தான் படுக்கறேன்.

டிசம்பர் 9

பல்லு. மறந்தே போச்சு. சொத்தைப்பல், ஈறு வீக்கம் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிச்சுடணும், அதே கிருமிக் கதைதான். மூட்டு வலிக்குப் போடற டைக்லோஃபினாக் மாதிரி மாத்திரை, ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து லேகியம், எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கினு போய் எதை எப்ப நிறுத்தணும்னு கேளுங்க. லேகியத்தைச் சொல்ல வெக்கப்படாதீங்க, ரத்தக் கசிவு பத்தின விஷயம் அது.

டிசம்பர் 21

எல்லாரும் சுத்திச் சுத்திக் கேக்கறது இதைத்தான்: அப்பறம் ஓடலாமா?

படிச்சதும் கேட்டதும் சேர்த்துச் சொல்றேன். பெர்லின்ல செயற்கை மூட்டுக்குள்ளயே அளவுகருவி வெச்சு அளந்திருக்காங்க. நடக்கும்போது உடம்பு எடையில சுமார் ரெண்டரை மடங்கு மூட்டுமேல இறங்குது, மெதுவா ஓடினா அஞ்சு மடங்கு, தடுக்கித் தடுமாறினா எட்டு மடங்குக்கும் மேல போயிருக்கு. மூட்டு எவ்ளோ நாள் உழைக்கும்ங்கறதுக்கு 2019ல லான்செட்ல வந்த கணக்கு இருக்கு: 15 வருசம் சுமார் 89 சதவீதம், 20 வருசம் 70, 25 வருசம் 58. அதெல்லாம் பெரும்பாலும் பழைய காலத்து பிளாஸ்டிக் கிண்ணம் வெச்சவங்க கணக்கு, இப்ப வர்ற கெட்டிப்படுத்தின பிளாஸ்டிக் தேய்மானம் ரொம்பக் கம்மி. ஆனா அம்பது வயசுல வெக்கறவங்களுக்கு ரெண்டாவது தடவை மாத்தற வாய்ப்பு நிஜமாவே இருக்கு, அந்த ரெண்டாவது ஆபரேஷன் முதல் ஆபரேஷனை விடப் பெருசு. நடை, சைக்கிள், நீச்சல் பத்தி டாக்டர்ங்க சந்தோஷமா தலையாட்டுவாங்க. ஓட்டம்னா பெரும்பாலானவங்க வேணாம்ங்கறாங்க, சிலர் முன்னாடியே நல்லா ஓடினவங்க மெதுவா கொஞ்சம் ஓடலாம்ங்கறாங்க.

"ஆண்டி முர்ரே இடுப்பு ஆபரேஷனுக்கு அப்பறம் டென்னிஸே ஆடினாரே"ன்னு தம்பி கேட்டிருக்கார். அவர் 2019 ஜனவரியில பண்ணிக்கினது ரீசர்ஃபேசிங், எலும்புத் தலையை வெட்டாம மேல உலோகத் தொப்பி போடறது. அதே வருசம் அக்டோபர்ல ஆன்ட்வெர்ப்ல ஒற்றையர் பட்டம் ஜெயிச்சார், உண்மைதான். ஆனா ரெண்டு பக்கமும் உலோகம், உரசிக் கொட்டற துகளால சதை கெடற பிரச்சினை உண்டு, ஏஎஸ்ஆர்னு ஒரு வகையை 2010ல உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றாங்க. பொம்பளைங்களுக்கும், எலும்புத் தலை சின்னதா இருக்கறவங்களுக்கும் அந்த முறை சரியா கை கொடுக்கல. அதனால எனக்கு அந்தப் பேச்சே வரல, பந்து செராமிக், கிண்ணத்துக்குள்ள பிளாஸ்டிக்.

என் முடிவு: ஓடறதுக்காக ஆபரேஷன் பண்ணாதீங்க. ராத்திரி புரண்டு படுக்க, பஸ் படி ஏற, வலி மாத்திரை இல்லாம ஒரு நாளைக் கழிக்க, அதுக்குப் பண்ணுங்க. இனி ஓட்டம் இல்லன்னு மனசுல முடிவு பண்ணிட்டுப் போங்க.

டிசம்பர் 22

நேத்து எழுதின கடைசி வரி ராத்திரியெல்லாம் உறுத்திச்சு. ஓடறதுக்காக ஆபரேஷன் பண்ணாதீங்கன்னு சொன்னது சரி, அதுல மாத்தம் இல்ல. ஆனா முடிவை முன்னாடியே எடுத்துக்கினு போனா டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதைக் கேக்காமலே வந்துடுவோம். "நான் ஓடறவ, வாரத்துக்கு இவ்ளோ தூரம் ஓடினேன், எனக்கு இது சாப்பாடு மாதிரி"ன்னு நேரா சொல்லணும், அதைக் கேட்டாத்தான் அவங்களும் பந்து எது, கிண்ணம் எது, சிமெண்ட் போடறதா வேணாமான்னு உங்களுக்குத் தகுந்த மாதிரி பேசுவாங்க. கால் நீளம் பத்தியும் கேளுங்க, கொஞ்சம் வித்தியாசம் வந்தாலும் ஓடறவங்களுக்கு உடனே தெரியும். பழைய ஷூவை ஒரு பையில போட்டுக்கினு போங்க. என் வலது ஷூ குதிகால் வெளிப்பக்கம் வழுவழுன்னு தேஞ்சு கிடக்கு, இடது ஷூவுல கோடு இன்னும் அப்படியே இருக்கு, பிசியோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு என்னை மறுபடி நடக்கச் சொன்னாங்க.

எனக்குன்னு வெச்சிருக்கற ஆசை, திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், நொண்டாம. டாக்டர்கிட்ட சொன்னேன், "தாராளமா"ன்னார். ஓட்டம் பத்தி ஒரு வருசம் கழிச்சுப் பேசலாம்னார்.

ஜனவரி 5

வீடு. இதைப் படிக்கறவங்க வெளிநாட்டு வீடியோ பார்த்துக்கினு தயாராகாதீங்க, அவங்களுக்குத் தரையில குந்தற வாழ்க்கையே இல்ல. பின்பக்கமா வெட்டித் திறக்கற ஆபரேஷன்னா முதல் ஆறு வாரத்துலேருந்து மூணு மாசம் வரைக்கும் பொதுவா மூணு விதி: இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக்கூடாது, காலைக் குறுக்க போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. மீறினா பந்து கிண்ணத்தை விட்டு நழுவும். இப்ப நம்ம வீட்டை நினைச்சுப் பாருங்க. இந்தியன் டாய்லெட், பாய், அருவாமனை, கோலம், பூஜை ரூம்ல சம்மணம், பக்கெட்ல குனிஞ்சு மொள்ளறது, எல்லாமே அந்த விதிக்கு எதிரி.

நான் பண்ணது: டாய்லெட்டுக்கு மேல வெக்கற கமோடு நாற்காலி வாடகைக்குச் சொல்லி வெச்சேன். குளிக்க உசரமான ஸ்டூல் ஒண்ணு, பக்கெட்டைத் தூக்கி வெக்க இன்னொரு ஸ்டூல், இந்த ரெண்டாவது ஸ்டூல்தான் எல்லாரும் மறக்கறது. கட்டில் காலுக்கு அடியில மரக்கட்டை. மிதியடி எல்லாம் சுருட்டிப் பரண்ல. அரிசி டப்பா, பருப்பு டப்பா கீழ்த் தட்டுலேருந்து மேடைக்கு. ஷூவுக்கு கட்டாத எலாஸ்டிக் லேஸ், நீளக் கைப்பிடி ஷூ கரண்டி.

ஜனவரி 6

காட்பாடி தம்பி ஒருத்தர், "எங்கப்பாவுக்கு முன்பக்கமா வெட்டினாங்க, இந்த விதியெல்லாம் சொல்லவே இல்லையே"ங்கறார். ஆமா, முன்பக்கம்னா விதி வேற, சில டாக்டர்ங்க பின்பக்க ஆபரேஷனுக்கே இப்ப தளர்த்திட்டாங்க. உங்களுக்கு எந்தப் பக்கம், எந்த விதி, எவ்ளோ நாள், இந்த மூணையும் எழுதி வாங்கிக்கோங்க. சம்மணம் எப்ப, குந்தறது எப்பன்னு தனித்தனியா கேளுங்க, ரெண்டும் மூட்டுக்கு வேற வேற.

ஜனவரி 19

வாக்கர், ஸ்டிக் ரெண்டும் இப்பவே பழகறேன். படிக்குச் சொல்லிக் கொடுத்தது: ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது நோவு கால் முதல்ல.

இதுல எங்க வீட்ல ஒரு பெரிய பஞ்சாயத்து. எங்க வாசல்ல ஒரு படி. ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது வலது காலை எடுத்து வெச்சுத்தான் உள்ள வரணும்னு அம்மா. ஆபரேஷன் ஆகப்போறதே வலது கால், ஏறும்போது இடது காலைத்தான் முதல்ல வெக்கணும்னு நான். "இன்னாடி இது, பொழைச்சு வர்றவ இடது காலையா வெச்சு வருவா"ன்னு ரெண்டு நாள் பேச்சில்ல. கடைசியில பிசியோவே போன்ல பேசினாங்க. அம்மா யோசிச்சுட்டு, படி ஏறி வாசல்ல நின்னு ஆரத்தி எடுத்துட்டு அப்பால நிலைப்படி தாண்டும்போது வலது காலுன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. நிலைப்படி சமதளம், டாக்டர் விதியும் தப்பல, அம்மா விதியும் தப்பல.

பிப்ரவரி 2

நாளைக்கு அட்மிஷன். வெயில் காலத்துக்கு முன்னாடி வெச்சது நல்லது, ரத்தக்கட்டு வராம இருக்க தொடை வரைக்கும் இறுக்கமான சாக்ஸ் போடுவாங்களாம், நம்ம ஊர் அக்கினி நட்சத்திரத்துல அதை நினைச்சுப் பாக்கவே முடியல. காப்பீட்டுக் கார்டு வெச்சிருக்கறவங்க, எந்த வகை மூட்டு வரைக்கும் அதுல வரும், மேல எவ்ளோ கட்டணும்னு அட்மிஷனுக்கு முன்னாடியே கவுண்டர்ல கேட்டுடுங்க.

பயமா இருக்கு. இன்னிக்குக் காலையில பாலாத்துப் பாலம் வரைக்கும் ஸ்டிக்கோட நடந்துட்டு வந்தேன்.

பிப்ரவரி 23

ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல இருக்கேன். மறுநாளே எழுப்பி நிக்க வெச்சுட்டாங்க. தையல் வலி இருக்கு, ஆனா அந்தப் பழைய கவட்டை வலி இல்ல, நிக்கும்போதே தெரிஞ்சுடுச்சு.

தயாரிப்புல எது உபயோகப்பட்டுதுன்னு குடியாத்தம் அண்ணன் கேட்டிருக்கார், அவருக்கு அடுத்த மாசம். கை பயிற்சிதான் அண்ணே, முதல் இடம் அதுக்கு. பக்கத்து பெட்ல கொல்கத்தாவுலேருந்து வந்த அம்மா, நல்ல உடம்புக்காரங்க, கையில பலம் இல்லாம கட்டில்லேருந்து எழவே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு. ரெண்டாவது அந்தப் பக்கவாட்டுக் கால் தூக்கறது. மூணாவது பக்கெட் ஸ்டூல். கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும், ஓடறவங்க அதைத் தசைப்பிடிப்புன்னு விட்டுடுவாங்க, விடாதீங்க.

ஆரணி அக்கா கேட்டது, கமோடு நாற்காலி எந்த உசரம்னு: செருப்போட நாற்காலியில உக்காந்து, முட்டிக்குப் பின்னாடி மடிப்புலேருந்து தரை வரைக்கும் டேப் வெச்சு அளந்துக்கோங்க அக்கா, அதுக்கு மேல ரெண்டு மூணு இஞ்ச் இருக்கணும், உக்காந்தா முட்டி இடுப்பை விடத் தாழ்ந்து நிக்கணும். கட்டிலுக்கும் இதே அளவு. கால் ரப்பர் தேஞ்சிருந்தா மாத்தித் தரச் சொல்லுங்க, ஈரத் தரையில அது வழுக்கும்.